சிம்மை மாற்றும் முன் 1900

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் இரண்டு வேலை காத்திருக்கும். அம்மாவின் நம்பரை வீட்டுக்குள் டவர் ஒழுங்காக எடுக்கிற கம்பெனிக்கு மாற்ற வேண்டும். கூடத்தில் கோடு கோடாக ஓடும் டிவியை இறக்கிவிட்டுப் புதிது வைக்க வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று லண்டனில் உட்கார்ந்து தேதி குறிக்கும்போது தோன்றும். கும்பகோணத்தில் இரண்டும் ஒரே முடிச்சில் மாட்டிக்கொண்டன.

சிம் பழையது, டவர் வரும், போகும். கடைத்தெருவில் இருக்கும் பழைய கம்பெனியின் ஷோரூமில் காட்டியதும் கவுண்டரில் இருந்த தம்பி சொன்னார்: "கார்டு போயிடுச்சு சார். முதல்ல டூப்ளிகேட் சிம் போட்டுக்குங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் போர்ட் பண்ணிக்கலாம்." ஆதார் நம்பரைத் தட்டினார். போனை அம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்து, "கண்ணாடியக் கழட்டுங்கம்மா, லைட் அடிக்குது... இப்ப கண்ணச் சிமிட்டுங்க... இன்னொரு தடவ" என்றார். பச்சை டிக் வந்தது. கொஞ்ச நேரத்தில் புது சிம்மில் டவர் முழுசாக நின்றது. அவ்வளவு சுறுசுறுப்பு. எல்லாச் சிக்கலும் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

டூப்ளிகேட் சிம் போட்டால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. இது தொலைத்தொடர்புத் துறையின் விதி. போன் பேசும், நெட் ஓடும். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைப்போம். ஓடிபி மட்டும் வராது. அடுத்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி: தொலைந்த சிம்முக்கோ கெட்டுப்போன சிம்முக்கோ பதிலாக மாற்று சிம் வாங்கினால், 7 நாள் கழிவதற்கு முன் போர்ட்டுக்கான, அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறுவதற்கான, கோட் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அந்த 7 நாளுக்குப் பிறகு கோட் வாங்கி விண்ணப்பித்தால், அதே வட்டத்துக்குள் (நம்பர் சேர்ந்த தொலைத்தொடர்புப் பகுதிக்குள்) 3 வேலை நாள், வேறு மாநில வட்டத்து நம்பர் என்றால் 5 வேலை நாள். நடுவில் ஞாயிறு, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். இரண்டு வார லீவில் வந்தவருக்கு டிக்கெட் தேதி தாண்டிவிடும்.

விதியில் குற்றம் காண முடியாது. திருடன் டூப்ளிகேட் சிம் வாங்கி, உடனே வேறு கம்பெனிக்கு நம்பரைக் கடத்திக்கொண்டு போய், பேங்க் கணக்கைத் துடைத்துவிடுகிற மோசடிக்குப் போட்ட பூட்டு அது. வயதானவர்களின் நம்பருக்கு அந்தப் பூட்டு அவசியம். ஆத்திரம் வருவது கவுண்டரில் அதைச் சொல்லாமல் விடுவதில்தான். போர்ட் பண்ணப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகும், முதலில் டூப்ளிகேட் போடு என்று சொல்வது வாடிக்கையாளரை ஒரு வாரம் கட்டிப்போடும் வேலை.

சரியான வரிசை நேர்மாறானது. சிம் சாகக் கிடந்தாலும், ஒரே ஒரு மெசேஜ் போகும் அளவுக்கு உயிர் இருந்தால் போதும்: ஆங்கிலப் பெரிய எழுத்தில் போர்ட் (PORT) என்று அடித்து, ஓர் இடம் விட்டு, 10 இலக்க நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்ப வேண்டும். அந்தப் போர்ட் கோட், அதாவது யூபிசி, 8 எழுத்து-எண்ணாகப் பதிலாக வரும். போர்ட் செய்தால் புதுக் கம்பெனி எப்படியும் புது சிம்தான் தரப்போகிறது. பழைய கம்பெனியில் டூப்ளிகேட் வாங்கி என்ன பயன்? வீட்டுக்குள் டவர் இல்லையென்றால் மொட்டைமாடிக்குப் போய் அனுப்புங்கள். அங்கேயும் இல்லையென்றால் சிம்மைக் கழற்றி, தங்க நிறத் தகட்டை உலர்ந்த துணியால் துடைத்து, வேறு போனில் போட்டுப் பாருங்கள். கார்டு போய்விட்டது என்று சொல்லப்படும் பல சிம்கள் அடுத்த போனில் நன்றாக ஓடும். தேய்ந்திருப்பது பழைய போனின் சிம் ஸ்லாட்டாக இருக்கும். எஸ்எம்எஸ் இல்லாத குறைந்த ரீசார்ஜாக இருந்தாலும் 1900-க்குப் போகும் மெசேஜைத் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரிலேயே டிராய் உத்தரவு போட்டிருக்கிறது. "எஸ்எம்எஸ் உள்ள ரீசார்ஜ் போட்டாத்தான் போகும்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

கோட் 4 நாள்தான் செல்லும். இங்கிலாந்தில் 65075-க்கு ஒரு மெசேஜ் தட்டினால் கோட் வருகிறது, 30 நாள் கையில் வைத்திருக்கலாம்; புதுக் கம்பெனியிடம் கொடுத்தால் அடுத்த வேலை நாளில் நம்பர் மாறியிருக்கும், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் கோட்டை வாங்கி வைத்துவிட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் போய்வந்தால் இங்கே காலாவதி ஆகிவிடும். கடைக்குப் போகிற அன்று காலையில் கோட் வாங்குவதே நல்லது. கோட்டைத் தாளில் எழுதிக்கொண்டு போகாமல் மெசேஜையே காட்டுங்கள்.

நம்பர் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நேரில் போக வேண்டும். இங்கேதான் நம் வீடுகளில் பழைய கதை கிளம்பும். நம்பர் பல வருஷத்துக்கு முன் அப்பா பெயரில் வாங்கியது, அப்பா இப்போது இல்லை. அல்லது வெளிநாடு போவதற்கு முன் மகன் தன் பெயரில் வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. பெயர் மாற்றம் முடிவதற்கு முன் போர்ட் கேட்டால் மறுத்துவிடுவார்கள். அப்பா பெயரில் என்றால் இறப்புச் சான்றிதழோடு பழைய கம்பெனியில் பெயரை மாற்றி முடித்த பிறகுதான் 1900. அம்மாவின் பெயரில் உண்மையில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓடிபி போட்டுப் பார்க்கலாம். ஒருவருக்கு 9 வரை அனுமதி. தெரியாத நம்பர் ஒன்று தென்பட்டால் அங்கேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. ரேகை தேய்ந்த விரலை மெஷின் எடுக்கவில்லையென்றால் திரும்பத் திரும்ப அழுத்தச் சொல்லிப் பெரியவர்களை நோகடிக்க வேண்டியதில்லை. அசல் ஆவணத்தையும் முகத்தையும் நேரடியாகப் படம்பிடித்துச் செய்யும் டிஜிட்டல் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

மாறிய பிறகு 90 நாளைக்கு அடுத்த போர்ட் கிடையாது. ஆகவே புதுக் கம்பெனியின் சிம் உள்ள யாராவது உறவுக்காரரின் போனை வீட்டுக்குள் கொண்டுவந்து, சமையலறை, படுக்கையறை, கொல்லைப்புறம் மூன்றிலும் பேசிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அம்மா பட்டன் போன் வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஜியோ போல 2ஜியே இல்லாத நெட்வொர்க்கில் பழைய 2ஜி பட்டன் போன் பேசாது. 4ஜி வோல்ட்இ (4ஜியிலேயே பேசும் வசதி) உள்ள பட்டன் போன் வேண்டும். பழைய ப்ரீபெய்ட் பேலன்ஸ் கூட வராது, ஆகவே வருட ரீசார்ஜ் முடியும் நேரத்தில் மாறுவது மேல். பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள, டேட்டா இல்லாத திட்டங்களை ஒவ்வொரு கம்பெனியும் தந்தாக வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. 365 நாள் வரை செல்லுபடி வைக்கலாம். கவுண்டரில் அதைத் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஆப்பிலும் மேலாகக் கண்ணில் படாது. கேட்டு வாங்க வேண்டும்.

இனி டிவி. ஆன்லைனில் வாங்கிய 43 இன்ச் பெட்டி, மேலே சொன்ன எஸ்எம்எஸ் அடைபட்ட 24 மணி நேரத்துக்குள் வாசலுக்கு வந்தது. ஆட்டோவிலிருந்து இறக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு, "ஓடிபி சொல்லுங்க" என்றார் கொண்டுவந்தவர். ஓடிபி அம்மாவின் நம்பருக்கு. மெசேஜ் வராது. அவருக்கு வேறு வழி தெரியவில்லை, பெட்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில், அந்த 24 மணி நேரம் முடிவதற்குள் வந்த காஸ் சிலிண்டருக்கும் அதே கதை. டெலிவரி கோட் பதிவான நம்பருக்குத்தான் வரும். இன்று ஊரில் ஒரு வீட்டின் பேங்க், காஸ், கரண்ட் பில், கூரியர், டிவி மெக்கானிக் எல்லாமே அந்த ஒரே நம்பரில் தொங்குகின்றன. வெளிநாட்டிலும் ஓடிபி உண்டு, ஆனால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வாசலில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போகிற தாராளமும் உண்டு. ஆகவே சிம் வேலை நடக்கும் வாரத்தில் எதையும் ஆர்டர் போடாதீர்கள். போட்டே தீர வேண்டுமென்றால் ஓடிபி வரும் நம்பராகத் தம்பியின் நம்பரையோ சித்தப்பாவின் நம்பரையோ கொடுங்கள்.

பெட்டி வந்தால் பிரிக்கக் கூடாது. கம்பெனி ஆள் வந்துதான் பிரிப்பார். அந்தக் காலத்தில் டிவிக் கடைக்காரரே பையனை அனுப்பி, ஆன்டெனாவைத் திருப்பி, படம் தெளிகிறவரை மாடியில் நிற்க வைப்பார். தவணை பாக்கி இருப்பதால் அடுத்த மாதமும் வருவார். இன்று விற்பவர் ஒருவர், கொண்டுவருபவர் ஒருவர், மாட்டுபவர் ஒருவர். பேனலில் விரிசல் இருந்தால் மூவரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். அதனால் அட்டைப் பெட்டியின் ஆறு பக்கத்தையும் டெலிவரி அன்றே வீடியோ எடுங்கள். பிரிக்கும்போது, பெட்டியிலும் டிவியின் முதுகிலும் உள்ள சீரியல் நம்பர் பில்லோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஆன் செய்து வெள்ளைத் திரையும் கருப்புத் திரையும் கொஞ்ச நேரம் ஓட விட்டு, மூலைகளைப் பார்த்த பிறகே இன்ஸ்டலேஷன் ஓடிபியைச் சொல்லுங்கள். அதைச் சொல்லிவிட்டால், நல்ல நிலையில் கிடைத்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும்.

விலை கேட்டு வைத்த பழைய கணக்கும் உதவாது. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். பில் அம்மாவின் பெயரில், ஊர் விலாசத்தில் இருக்கட்டும். பிறகு புகார் கொடுக்க நேர்ந்தால் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. முதல் படியாக 1915 உதவி எண்ணுக்குப் பேசலாம்.

பல புது டிவிகளில் மஞ்சள்-சிவப்பு-வெள்ளைப் பின்னுக்கு மூன்று துளை இருக்காது. பழைய செட்டாப் பாக்ஸில் அந்த ஒயர் மட்டும்தான் என்றால், சின்ன கன்வெர்ட்டர் ஒயரில் மாட்டலாம். ஆனால் படம் மங்கும், முகங்கள் அகலமாக இழுபடும். எச்டிஎம்ஐ உள்ள எச்டி பாக்ஸாக மாற்றித் தரச் சொல்வதே சரி. டிடிஎச்சில் நம்பரைப் போல எதையும் போர்ட் செய்ய முடியாது. பாக்ஸ் அந்தந்தக் கம்பெனிக்கு மட்டுமே வேலை செய்யும், வேறு சாட்டிலைட் என்றால் டிஷ்ஷையும் திருப்ப வேண்டும். எந்த பாக்ஸும் எந்தக் கம்பெனிக்கும் பொருந்த வேண்டும் என்று டிராய் 2020-இல் பரிந்துரைத்தது, வீட்டுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அரசு கேபிள் இணைப்பு இருக்கிற வீட்டில் அதைப் பிடுங்கிவிட அவசரப்படாதீர்கள். மழையில் படம் போகாது, ஆபரேட்டர் அடுத்த தெருவில் இருப்பார்.

கூகுள் டிவியைத் தொடங்கும்போது கணக்கு எதுவும் போடாமல் அடிப்படை டிவியாக மட்டும் அமைக்க ஒரு வழி தரும். பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் அதையே எடுங்கள். பிறகு செட்டிங்கில், ஆன் செய்ததும் நேராக எச்டிஎம்ஐக்குப் போகும்படி வைத்து, எச்டிஎம்ஐ-சிஇசியையும் (டிவியும் பாக்ஸும் ஒன்றையொன்று இயக்கும் வசதி) ஆன் செய்துவிட்டால், பாக்ஸ் அதற்கு ஒத்துழைத்தால் ஒரு ரிமோட்டிலேயே இரண்டும் அணையும். அம்மா அழைத்து "படமே வரல, ஏதோ இங்கிலீஷ்ல நிக்குது" என்று சொல்வது இதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிராட்பேண்ட் மாற்றம்தான் கடைசி. இங்கிலாந்தில் 2024 செப்டம்பரிலிருந்து புதுக் கம்பெனியிடம் சொன்னால் போதும், பழையதை அவர்களே முடித்துவிடுகிறார்கள். ஊரில் இரண்டும் தனித்தனி வேலை. முதலில் புது லைனை இழுத்து, அது பத்து நாள் ஒழுங்காக ஓடிய பிறகு பழையதை நிறுத்த எழுத்தில் கொடுங்கள். லேண்ட்லைன் நம்பர் கம்பெனி விட்டுக் கம்பெனி போகாது. அந்த நம்பரை விட மனமில்லாவிட்டால் பிஎஸ்என்எல் செம்பு லைனை அதே பிஎஸ்என்எல் ஃபைபராக மாற்றிக்கொள்வதுதான் வழி. பழைய மோடத்தை எடுக்க ஆள் வந்தால், சீரியல் நம்பரை எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். டெபாசிட் திரும்ப வர அந்தச் சீட்டு வேண்டும். கரண்ட் போனால் புது மோடமும் போகும். அடாப்டரில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால், அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள மினி யூபிஎஸ் ஒன்றை நடுவில் மாட்டிவிடுங்கள். இணைப்பைப் பதிவு செய்யும்போது அம்மாவின் நம்பரோடு உள்ளூரில் இருக்கும் ஒருவரின் நம்பரையும் மாற்று எண்ணாகச் சேருங்கள். லைன் அறுந்தால் வருகிற ஆள் லண்டனுக்கு அழைக்க மாட்டார்.