கப்பலில் எங்கே சாப்பிடுவது: பஃபேயா, கவுண்டரா, உணவுக்கூடமா?

கனடாவிலோ லண்டனிலோ வாழும் பிள்ளைகள் ஊரிலிருக்கும் பெற்றோரைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவது கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இப்போது பெரிய புதினமாக இருப்பதில்லை. விசாவும் விமானச்சீட்டும் சரிவந்த பிறகு வீட்டில் எழும் முதற்கேள்வி, ஒரு கிழமை முழுவதும் அங்கே எதைச் சாப்பிடுவது என்பதுதான். கப்பல் நிறுவனங்களின் விளம்பரங்கள் அதற்கு ஓர் எண்ணிக்கையைப் பதிலாகத் தருகின்றன. இருபது உணவகங்கள், இருபத்தைந்து உணவகங்கள் என்று அது ஒவ்வோராண்டும் ஏறிக்கொண்டே போகிறது. அந்த எண்ணிக்கையிலிருந்து தனிக்கட்டணம் அறவிடும் உணவகங்களையும் மதுச்சாலைகளையும் கோப்பிக் கடைகளையும் கழித்துவிட்டு, பயணக் கட்டணத்துக்குள் அடங்குவதும் முன்பதிவோ உடைக்கட்டுப்பாடோ இல்லாமல் நினைத்த நேரத்தில் போய் உட்காரக்கூடியதும் எவை என்று பார்த்தால், அவை பெரும்பாலும் மூன்று வகைக்குள் வந்துவிடுகின்றன: பஃபே, ஒரேயொரு வகை உணவை விற்கும் கவுண்டர்கள், அண்மைக்காலத்தில் வந்த உணவுக்கூடம்.

இந்த மூன்றையும் இங்கே எடைபோடுவது வன்னியில் சாப்பிட்டுப் பழகிய ஒருவரின் தட்டிலிருந்துதான். மத்தியானத்தில் சோறு வேண்டும். சைவ வீடுகள் பலவற்றில் மாட்டிறைச்சி அடுப்பேறாது. வெள்ளிக்கிழமையென்றால் மீனும் கிடையாது. மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கருக்குத் தவக்கால வெள்ளி உண்டு, முஸ்லிம் குடும்பங்களுக்கு ஹலால் பற்றிய கேள்வி உண்டு, அறுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு நீரிழிவும் உண்டு. ஆகவே தட்டில் இருப்பதற்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பதை அறிய முடிகிறதா, பசிக்கும் நேரத்தில் அது கிடைக்கிறதா என்ற இரண்டையும் கடைகளின் தொகையைவிட முக்கியமாகக் கொள்ள வேண்டியிருக்கிறது.

பஃபே எல்லாக் கப்பலிலும் உண்டு என்றே சொல்லலாம், பெயர்தான் மாறும். ரோயல் கரிபியன் கப்பல்களில் அது வின்ட்ஜாமர், நோர்வீஜியன் கப்பல்கள் பலவற்றில் கார்டன் கஃபே, டிஸ்னி கப்பல்கள் சிலவற்றில் கபானாஸ். வழக்கமாக நீச்சல்குளம் இருக்கும் மேல்தளத்திலேயே, இருபுறமும் கடலைப் பார்க்கும் கண்ணாடிச் சுவர்களோடு அமைந்திருக்கும். எங்கள் அளவுகோலுக்கு மத்தியானப் பஃபேதான் மற்ற எல்லாவற்றையும்விட ஒத்துவருகிறது என்பது என் தீர்ப்பு. வெள்ளைச் சோறு அநேகமாக ஒவ்வொரு நாளும் இருக்கும். பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் இந்தியக் கறிகளுக்கென ஒரு பகுதியும், அதில் பருப்போ கடலையோ ஒரு மரக்கறியோ இருப்பதும் வழக்கமாகிவிட்டது. அந்தக் கறிகளில் உறைப்பை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். வட இந்தியப் பாணியில், எல்லா நாட்டவரும் சாப்பிடக்கூடியதாக, காரத்தைக் குறைத்து, தக்காளியும் பாலாடையும் கூட்டிச் சமைக்கப்பட்டவை அவை. செத்தல்மிளகாயை இடித்துக் கைப்பையில் கொண்டுபோகும் பெரியம்மாக்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள்கூட மூன்றாம் நாளில் அந்தச் சரையைக் கேட்டு வாங்குவார்கள்.

பஃபேயின் அடுத்த பலம், எடுப்பதற்கு முன் கண்ணால் பார்த்துவிடலாம் என்பது. பெயர்ப்பலகையில் எழுதியிருப்பது விளங்காவிட்டாலும் கறியின் நிறமும் கெட்டியும் எதையாவது சொல்லிவிடும். வேண்டாததை எடுத்து வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. சூப்பின் அடியில் இறைச்சிச் சாறு இருக்கலாம். பளபளவென்று நிறம்நிறமாக அடுக்கிவைத்திருக்கும் ஜெலி வகைகளில் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுத்த ஜெலற்றின் இருக்கும். பழம்தானே என்று எடுத்த கோப்பைக்குள்ளும் அது இருக்கக்கூடுமென்பதால், இனிப்பு மேசையில் விரதக்காரர் கட்டாயம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. பஃபே மண்டபத்தில் நிற்கும் சமையற்காரரை அழைத்துக் கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் நாள்தோறும் அவரிடம் அதைத்தான் கேட்கிறார்கள். சமையற்கூடத்தில் இந்தியரும் இலங்கையரும் வேலை செய்யும் கப்பல்களில் அந்த உரையாடல் தமிழிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

பஃபேயின் பெரிய குறை கூட்டம். துறைமுகம் எதையும் தொடாமல் கடலிலேயே ஓடும் நாட்களில் காலை எட்டரைக்கும் பத்துக்கும் இடையே போனால், கையில் தட்டோடு மேசை தேடிச் சுற்றுவதிலேயே முட்டை ஆறிப்போய்விடும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கு இது சிறிய சங்கதி இல்லை. ஏழரைக்கு முன்பே போய்விடுவது, அல்லது பின்கோடியில் இருக்கும் மேசைகளைப் பிடித்து ஒருவரை உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் எடுத்து வருவது என்ற இரண்டு வழிகளே பயன்தருகின்றன.

மற்றக் குறை கைகளால் வருவது. ஒரே அகப்பையை நூற்றுக்கணக்கான கைகள் தொடுகின்றன. கப்பல்களில் வயிற்றோட்டத்தையும் வாந்தியையும் பரப்பும் நோரோவைரஸ் இப்படியான பொதுப் பரப்புகள் வழியாகவும் இலகுவாகத் தொற்றும். வாசலில் பீச்சித்தரும் அற்ககோல் திரவம் அந்த வைரஸுக்கு எதிராக நம்பத்தக்கதன்று. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும். கையால் சாப்பிடும் எங்களுக்கு இது இருமடங்கு பொருந்தும், ஏனென்றால் சாப்பாட்டுக்கு முன் கை கழுவிவிட்டு அகப்பையைத் தொட்டால் கழுவியதற்குப் பலனில்லை. எடுத்துவைத்த பிறகு இன்னொரு தரம் கழுவ வேண்டும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துபோகும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 1970களிலிருந்தே சோதித்து வருகிறது. நூறு புள்ளிகளுக்கு நடக்கும் அந்தச் சோதனையில் 85 அல்லது அதற்குக் குறைவாக எடுத்த கப்பல் தேறாததாகக் கொள்ளப்படும், புள்ளிகளும் பகிரங்கமாக வெளியிடப்படும். முன்பதிவு செய்யும் பிள்ளைகள் அறையின் படத்தைப் பார்க்கும் நேரத்தில் அந்தப் புள்ளியையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கவுண்டர்களைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. கார்னிவல் கப்பல்கள் பலவற்றில் உள்ள கைஸ் பர்கர் ஜொயின்ற் அமெரிக்கப் பயணிகளிடையே பேர்போனது. எங்கள் வீடுகள் பலவற்றுக்கு அதன் முதன்மையான சரக்கே, அதாவது மாட்டிறைச்சி, ஆகாது. ரோயல் கரிபியனின் சொரென்ரோஸ் பீட்சாவுக்கானது. சீஸ் மட்டும் போட்ட துண்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நள்ளிரவு தாண்டியும் சூடாகக் கிடைப்பதுதான் சொரென்ரோஸின் உண்மையான பெறுமதி. கார்னிவலில் பர்கர் கடையின் அயலிலேயே இருக்கும் புளூ இகுவானா கன்ரீனா என்ற மெக்சிக்கோக் கவுண்டர் மட்டும் தனியே சொல்லத்தக்கது. அங்கே சோறும் அவரை வகைகளும் உண்டு, அருகிலேயே உறைப்பான சம்பல்களை வரிசையாக அடுக்கிய மேசையும் உண்டு. கப்பல் முழுவதிலும் நாக்கு சுறுக்கென்று விழிக்கும் இடம் அது ஒன்றாகவே இருக்கக்கூடும். மெக்சிக்கோச் சமையலில் அவரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்கும் வழக்கம் இருப்பதால், மரக்கறிக்காரர் அதைக் கேட்டறிந்துகொண்டே தட்டை நீட்ட வேண்டும். மற்றபடி இந்தக் கவுண்டர்கள் இருவேளைகளுக்கு இடையே வரும் பசிக்கானவை. ஐந்து கவுண்டர்கள் இருக்கிற கப்பலில் ஐந்திலும் ரொட்டியும் இறைச்சியும் சீஸுமே வெவ்வேறு வடிவத்தில் இருந்தால், அதைப் பல்வகை என்று எண்ணி மகிழ எங்களுக்குக் காரணம் இல்லை.

உணவுக்கூடம் என்பது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் புது ஏற்பாடு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாச்சி உணவகத்தில் சாப்பிட்டவர்களுக்கு அதன் அமைப்பை விளக்குவது எளிது: ஒரு கூரையின் கீழ்ப் பல அடுப்புகள், ஒவ்வோர் அடுப்பிலும் ஒரு வகை, சமைப்பவரின் கை வாடிக்கையாளரின் கண்முன்னே. 2022 இல் ஓடத் தொடங்கிய நோர்வீஜியன் பிரிமா கப்பலின் இன்டல்ஜ் உணவுக்கூடத்தில் பத்துக்கும் மேற்பட்ட அடுப்புகள் இருக்கின்றன, அவற்றில் தமாரா என்பது இந்திய உணவுக்கே உரியது. மேசையில் உட்கார்ந்தபடியே தொடுதிரையில் தெரிவுசெய்தால் பணியாளர் கொண்டுவந்து தருவார். தட்டோடு அலைய வேண்டியதில்லை, பொது அகப்பையும் இல்லை. பஃபேயின் இரண்டு பெரிய குறைகளும் இங்கே ஒரே ஏற்பாட்டில் நீங்கிவிடுவதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தொடுதிரை ஆங்கிலத்தில் பேசுகிறது, கிண்ணங்களோ சிறியவை. ஊரில் ஒரு கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டவர் அங்கே மூன்று தரம் கட்டளை கொடுக்க வேண்டியிருக்கும். மேலதிகக் கட்டணம் இல்லையென்று பேரப்பிள்ளை பலமுறை சொன்னாலும், திரும்பத் திரும்பக் கேட்க எங்களில் மூத்தவர்கள் வெட்கப்பட்டுப் பாதி வயிற்றோடு எழும்பிவிடுகிறார்கள்.

2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ஐகன் ஒஃப் த சீஸ் கப்பலின் அக்வாடோம் மார்க்கெற்றில் ஐந்து கடைகள் உள்ளன. அவற்றில் இரண்டு ஆசியச் சோறும் நூடில்ஸும் தருபவை. அங்கே மீன்சோசும் சிப்பிச்சோசும் கலந்திருக்குமா என்று கேட்க வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு அவை தோதானவையே. இந்திய அடுப்பு அங்கே இல்லை. வேர்ஜின் வொயேஜஸ் நிறுவனம் பஃபேயை முற்றாக நீக்கி உணவுக்கூடத்தையே அதன் இடத்தில் வைத்திருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை அக்கப்பல்கள் ஏற்றுவதில்லை என்பதால், பேரப்பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அது பற்றிய பேச்சே தேவையில்லை.

இந்த வரிசையில் சேராத ஒன்றையும் இங்கே இழுத்துவர வேண்டியிருக்கிறது. மேசைவிரிப்பும் பரிமாறுபவருமாக இருக்கும் பிரதான உணவகத்தைக் கண்டு எங்கள் ஆட்கள் ஒதுங்குகிறார்கள், முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாது, உடுப்பு ஒத்துவராது என்ற தயக்கத்தில். நோர்வீஜியன் நிறுவனம் 2000 ஆம் ஆண்டிலேயே நேரக்கட்டுப்பாட்டையும் உடைக்கட்டுப்பாட்டையும் தளர்த்திவிட்டது, மற்ற நிறுவனங்களும் மெல்ல அதன் பின்னே போயின. சேலையும் நீளக்காற்சட்டையும் பெரும்பாலான கப்பல்களில் தாராளமாகப் போதும். அங்கேதான் கேட்டுச் சமைப்பிக்கும் வசதி இருக்கிறது. இந்திய மரக்கறிச் சாப்பாடு வேண்டுமென்று முதல்நாள் இரவே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால், அடுத்த இரவு சோறும் பருப்பும் ஒரு மரக்கறிப் பிரட்டலும் தனியே வந்துசேரும். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா வெள்ளிக்கிழமைக்கென்று ஒருமுறை சொல்லப்போய், மிச்சப் பயணம் முழுவதும் அவருடைய கதிரைக்கு முன்னால் அதே கிண்ணம் ஆவிபறக்க வந்து நின்றது. அவர் மீன் சாப்பிட ஆசைப்பட்ட நாளிலும்கூட. பட்டியலில் எழுதாத ஒன்றைத் தரக்கூடிய ஒரே இடம் இதுவாக இருக்கும்போது, மத்தியானம் பஃபேயும் இரவில் பிரதான உணவகமும் என்று வைத்துக்கொள்வதே வன்னிக் குடும்பத்துக்கு மிகவும் பொருந்தும் என்பேன். தமாரா போன்ற அடுப்புள்ள கப்பலென்றால் மட்டும் இந்த ஒழுங்கை மாற்ற யோசிக்கலாம்.

கப்பலையே மாற்றலாமா என்றால், அதற்கும் இடமுண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோன கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் இந்தியப் பயணிகளுக்காகவே நடத்தப்படுவது. 1990 இல் கட்டப்பட்ட பழைய கப்பல், உணவகங்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆனால் சைவ உணவு அங்கே ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடப்பதில்லை, சமணருக்கான உணவுகூடத் தனியே தருகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்டிங் ட்ரீம் கப்பலின் லீடோ பஃபேயில் ஹலால் உணவும் இந்திய மரக்கறி உணவும் முறையாக உண்டு. உணவுக்கடைகளின் தொகையை மட்டும் பார்த்தால் இவ்விரண்டும் ஐகன் போன்ற கப்பலின் பக்கத்திலும் நிற்கா. நான் மேலே வைத்த அளவுகோலால் அளந்தால் இவையே முன்னுக்கு வருகின்றன.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அறைக்குச் சாப்பாடு வரவழைப்பது முன்பு பல கப்பல்களில் இலவசம். ரோயல் கரிபியன் 2017 இல் அதற்கு 7.95 டொலர் அறவிடத் தொடங்கியது, அதன்மேல் 18 வீதச் சேவைக்கட்டணமும் ஏறியது. டொலர் 300 ரூபாயென்று வைத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 2,800 ரூபாய். ரொட்டி, பழம், கோப்பி அளவிலான எளிய காலையுணவை மட்டும் அந்நிறுவனம் கட்டணமின்றி விட்டுவைத்தது. நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள் விடியற்காலையில் பஃபே திறக்கும்வரை காத்திருக்காமல் அதை முதல்நாள் இரவே சொல்லிவைக்கலாம். உணவுக்கட்டுப்பாடுகளையும் ஒவ்வாமைகளையும் கப்பலில் ஏறிய பிறகு சொல்வதைவிட, பயணத்துக்குச் சில கிழமைகளுக்கு முன்பே முன்பதிவு செய்த முகவர் வழியாக எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதத்தின் ஒரு படியைக் கையில் வைத்திருந்து, ஏறிய அன்று மாலையே பிரதான உணவகத்தில் காட்டிவிட வேண்டும்.