உள்ளங்கால் கரும்புள்ளிக்கு எது முதலில்: படமா, உயிர்க்குறிப்பானா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஒருவரின் உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி மெல்ல அகன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முள் குத்திய தழும்பாகவோ ரத்தக்கட்டாகவோ மச்சமாகவோ இருக்கலாம். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம். நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மெலனோமா அரிது என்றாலும், வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களிலேயே பெரிதும் வருகிறது. ஆகவே படமெடுப்பு, உயிர்க்குறிப்பான் (நோயைக் காட்டிக்கொடுக்கும் மரபணு, புரதம் போன்ற உடல் அடையாளம்) என்னும் இரு வழிகளையும் இந்த உள்ளங்காலை முன்வைத்தே ஒப்பிட வேண்டும்.

படக்கருவிகளில் எளியது டெர்மாஸ்கோப். ஏறத்தாழ பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும், தோலின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கும் ஒளியமைப்பும் கொண்ட இது சட்டைப் பையில் அடங்கிவிடும். உள்ளங்கால் ரேகைகளில் மேடும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. வியர்வைத் துளைகள் மேட்டின் நடுவே வெண்புள்ளிகளாக வரிசையில் நிற்பதால், எது மேடு என்பது தெரிந்துவிடும். சாதாரண மச்சத்தில் கருநிறம் பெரும்பாலும் பள்ளங்களில் தங்கும். மெலனோமாவிலோ மேடுகளின் மீது பட்டை பட்டையாகப் படரும். ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2004இல் வெளியான ஆய்வில், இந்த மேட்டுப்பட்டை அடையாளம் மெலனோமாக்களில் 86 சதவீதத்தில் தென்பட்டது. மெலனோமா அல்லாதவற்றில் 99 சதவீதத்தில் தென்படவில்லை. இவ்வளவு மலிவான கருவி இவ்வளவு தெளிவாகப் பேசுவது மருத்துவத்தில் அபூர்வம்.

விலையுயர்ந்த கான்ஃபோகல் நுண்ணோக்கி லேசர் ஒளியால் உயிரணுக்களையே காட்டும். ஆனால் அது சுமார் 0.2 மில்லிமீட்டர் ஆழம்தான் எட்டும் என்பதால், உள்ளங்காலின் தடித்த மேல்தோலே அதற்குத் தடையாகிறது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2017இல் 1,29,450 படங்களைக் கொண்டு பயிற்றுவித்த செயற்கை நுண்ணறிவு, தோல் மருத்துவர்களுக்கு இணையாக முடிவு சொன்னது. எனினும் இத்துறையின் படத்தொகுப்புகளில் வெளிர்நிறத் தோலே மிகுதி. நம் கால்களின் படங்கள் சேராதவரை அதன் தீர்ப்பை இங்கே அப்படியே ஏற்க முடியாது.

உயிர்க்குறிப்பான் வழியில் என்னைக் கவர்ந்தது ஒட்டுப்பட்டைச் சோதனை. கத்தி படாமல், மச்சத்தின் மேல் ஒட்டி உரித்தெடுக்கும் பட்டையில் வரும் செல்களில் பிரேம், லிங்க்00518 ஆகிய மரபணுக்களின் ஆர்என்ஏ (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்) இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. நமக்கு எங்கே தேவையோ அங்கேயே உதவாது. ரத்தத்தில் அளக்கும் எல்டிஹெச் என்னும் நொதி, எஸ்100பி என்னும் புரதம் ஆகியவை நோய் பரவிய பின்னரே பெரும்பாலும் உயர்வதால், தொடக்கநிலையில் பயன்படா. பிராஃப் மரபணு மாற்றமோ சாதாரண மச்சங்கள் பலவற்றிலும் உண்டு. அதைக் கொண்டு புற்றுநோய் என்று உறுதிசெய்ய இயலாது. பயாப்ஸி எடுத்த (திசுவில் சிறு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பிய) பிறகு இந்தக் குறிப்பான்களின் மதிப்பு உயர்கிறது: திசுவில் பிரேம் சாயச்சோதனை நோயியல் மருத்துவரின் ஐயத்தைக் குறைக்கிறது, பிராஃப், கிட் மரபணு மாற்றங்கள் மருந்துத் தேர்வுக்கு வழிகாட்டுகின்றன.

எனவே செலவழிக்கக் கையில் இருப்பது சிறு தொகையானால், மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு டெர்மாஸ்கோப்பும் அதைப் பார்க்கப் பயிற்சியும் தருவதையே நான் முதலில் கேட்பேன். நிறமற்ற மெலனோமாவை அது தவறவிடக்கூடும் என்பதால், ஆறாத புண்ணோ வளரும் தடிப்போ உள்ளவர்களைப் படத்தில் ஐயம் எதுவும் தெரியாவிட்டாலும் பயாப்ஸிக்காகச் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.