நைலானுக்குத் தீத்தடுப்பு: புரோமின் கூட்டா, பாஸ்பினேட் கூட்டா?

மின் இணைப்பான் ஒன்றுக்காக 30 சதவீதம் கண்ணாடியிழை கலந்த நைலான் 66 தேவைப்பட்டது. பிளாஸ்டிக் எப்படி எரிகிறது என்று பார்க்கும் யுஎல் 94 சோதனையில் வி-0 தரம் கட்டாயம்: சுடரை எடுத்த 10 விநாடிக்குள் தீ அணைய வேண்டும், சொட்டும் துளி கீழிருக்கும் பஞ்சைப் பற்றவைக்கக் கூடாது. கண்ணாடியிழை இல்லாவிட்டால் மெலமைன் சயனுரேட் என்ற ஒரே தீத்தடுப்புப் பொருளே போதும். இழை சேர்ந்ததும் அது விளக்குத் திரிபோல எரியும் உருகலை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் கூட்டு மருந்து தேவைப்படுகிறது.

புரோமினேற்றிய பாலிஸ்டைரீனும் ஆன்டிமனி ட்ரைஆக்சைடும் ஏறத்தாழ 3:1 விகிதத்தில் சேர்வது பழகிய வழி. ஆன்டிமனி தனியாக எதையும் அணைக்காது. புரோமினோடு இணைந்து ஆவியாகிச் சுடரின் வினைச்சங்கிலியை அறுக்கிறது. உருகல் நன்றாக ஓடும். புகை அதிகம்.

நான் தேர்ந்தெடுத்தது மற்றது: அலுமினியம் டைஎத்தில் பாஸ்பினேட்டும் மெலமைன் பாலிபாஸ்பேட்டும், சுமார் 2:1, உடன் சிறிது துத்தநாக போரேட். மொத்தம் 20 சதவீதத்துக்குள் வி-0 கிடைத்துவிடுகிறது.

அணைப்பதில் இரண்டும் தேறின. முடிவைத் தந்தது மின்தடம். ஈரமும் தூசியும் படிந்த பரப்பில் கசியும் மின்னோட்டம் பிளாஸ்டிக்கைக் கரியாக்கிப் பாதை போட்டுவிடும். தீ தொடங்குவதே பல நேரங்களில் அங்கேதான். இதை அளக்கும் சிடிஐ சோதனையில் அம்மோனியம் குளோரைடு கரைசலை 50 சொட்டு விடுவார்கள்; அதுவரை தடம் விழாமல் தாங்கும் வோல்ட்டே அளவு. புரோமின் கூட்டு பெரும்பாலும் 400 வோல்ட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. பாஸ்பினேட் கூட்டு 600 வோல்ட்டைத் தாங்குகிறது. மின்காப்பு இடைவெளிகளுக்கான ஐஇசி 60664 தரநிலையின் கணக்கில், 400 வோல்ட்டில் இயங்கும் இணைப்பானுக்கு, மாசு நிலை 2-இல் (மின்கடத்தாத தூசி, எப்போதாவது ஈரம்), முன்னதற்கு முனைகளுக்கிடையே 4 மில்லிமீட்டர் பரப்பு இடைவெளி வேண்டும். பின்னதற்கு 2 போதும். அந்த இடைவெளி பாதியாகச் சுருங்குகிறது. எனக்கு இதற்குமேல் வாதம் தேவைப்படவில்லை.

குறையும் உண்டு. வெப்பம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கினால் மெலமைன் பாலிபாஸ்பேட் நைலானையே சிதைத்து வாயு விடுகிறது. வார்ப்பு இயந்திரத்தின் திருகும் உருளையும் அரிக்கப்படுகின்றன. சரியாக உலர்த்தாத பிளாஸ்டிக் மணிகளை (பெல்லட்) ஒருமுறை அவசரத்தில் ஏற்றியதில் வார்ப்பெல்லாம் குமிழி. இப்போது உருகலை 280-ஐத் தாண்டவிடுவதில்லை, திருகைக் கடினமாக்கிய எஃகுக்கு மாற்றிவிட்டேன். அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லுமளவுக்கு இன்னும் ஓட்டவில்லை.