பாராட்டு அட்டைப் பெட்டி: வெற்று அட்டைக்காக வாங்கலாம், நட்சத்திரத்துக்காக வேண்டாம்

கிறிஸ்தவக் குடும்பங்களில் பிள்ளைகளின் நற்குணங்களைப் பாராட்டி வளர்ப்பதற்கென்று தயாரிக்கப்பட்ட ஓர் அட்டைப் பெட்டி, மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள பத்தாங் பெர்ஜுந்தை கடைத்தெருவில் வேதாகமமும் பாட்டுப் புத்தகமும் திருமண அழைப்பிதழும் விற்கும் சிறிய கடையொன்றில் 45 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கிறது. (2007இல் ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது, ஆனால் கடைக்காரர் கொடுக்கும் ரசீதில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது.) பெட்டிக்குள் அச்சிட்ட அட்டைகள் 54, எழுதுவதற்கான வெற்று அட்டைகள் 40, சுவரில் மாட்டும் நட்சத்திர அட்டவணை ஒன்று, அதில் ஒட்டும் ஸ்டிக்கர்கள், பெற்றோருக்கான கையேடு ஒன்று ஆகியவை இருக்கின்றன. கலாத்தியர் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று சொல்லப்படும் ஒன்பதையும், அதாவது அன்பில் தொடங்கி இச்சையடக்கத்தில் முடியும் வரிசையை, ஒன்பது நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் ஆறு அட்டைகள் அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்பது வயது மகனும் ஆறு வயது மகளும் உள்ள எங்கள் வீட்டில் ஒரு பள்ளித் தவணை முழுவதும் இதைப் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

பெட்டியில் உள்ளவற்றுள் விலை கொடுத்து வாங்கத் தகுந்தவை, படமோ வசனமோ இல்லாத அந்த 40 வெற்று அட்டைகள்தாம். ஒவ்வோர் அட்டையிலும் மூன்று கோடுகள் மட்டுமே உள்ளன. முதல் கோட்டின் மேல் ‘நான் பார்த்தது’ என்றும், இரண்டாவதன் மேல் ‘அதனால் யாருக்கு நன்மை’ என்றும், மூன்றாவதன் மேல் ‘அதில் தெரிந்த குணம்’ என்றும் சிறிய எழுத்தில் இருக்கிறது. பார்ப்பதற்கு எளிமையாகத் தெரிந்தாலும், பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் இதன் கண்டிப்பு விளங்குகிறது. பிள்ளை செய்ததை நாம் உண்மையாகவே கவனித்திருக்காவிட்டால் முதல் கோட்டை நிரப்பவே முடியாது. ‘நல்ல பிள்ளை’, ‘சமர்த்து’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிவிடும் பழக்கத்துக்கு இந்த அட்டையில் இடம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு பக்கத்து வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பலத்த மழை பிடித்துக்கொண்டது. கடைசிப் பாட்டு முடிவதற்குள் என் மகன் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய், வாசலில் கிடந்த செருப்புகளை இரண்டிரண்டாக எடுத்துக் கூரைக்கு உள்பக்கமாக அடுக்கினான்; வயதானவர்களின் செருப்புகளைத் தேடிப் பிடித்து முதலில் எடுத்தான். சன்னலோரம் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் அட்டையை எடுத்து, “மழை வந்தபோது யாரும் சொல்லாமல் நீயாகவே போய்ச் செருப்புகளை எடுத்து வைத்தாய்” என்று முதல் கோட்டிலும், “பாட்டிகள் நனையாத செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்” என்று இரண்டாவதிலும், “தயவு” என்று மூன்றாவதிலும் எழுதி அவனுடைய பென்சில் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் அதைப் படித்துவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்விதான்: “நீங்க அத பாத்துக்கிட்டா இருந்தீங்க?” பாராட்டைவிட, தான் கவனிக்கப்பட்டிருக்கிறோம் என்பதுதான் அவனை எட்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

பவுல் எழுதிய நிருபங்களில் இந்த முறையைப் பார்க்கலாம். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது ‘நீங்கள் நல்ல சபை’ என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகாமல், அவர்களுடைய விசுவாசத்தின் கிரியையையும் அன்பின் பிரயாசத்தையும் நம்பிக்கையின் பொறுமையையும் தனித்தனியாகப் பெயர் சொல்லித் தேவனுக்கு நன்றி செலுத்துகிறார். கண்டிக்க வேண்டிய காரியங்கள் நிறைய இருந்த கொரிந்து சபைக்குங்கூட, அவர்களிடம் தாம் கண்ட நன்மைக்காக நன்றி சொல்லிய பிறகுதான் கண்டிப்பைத் தொடங்குகிறார். கையேட்டை எழுதியவர்கள் இதை எங்கும் எடுத்துக்காட்டாதது எனக்கு வியப்பாக இருந்தது. இதைவிடப் பொருத்தமான ஆதாரம் அவர்களுக்குக் கிடைத்திருக்க முடியாது.

கையேடு இன்னொன்றையும் தவறவிட்டிருக்கிறது. இரவு உணவின்போது குடும்பமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் பாராட்டுமாறு அது சொல்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட இந்த வட்டாரத்தில், கணவர் எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட்டிலும் மனைவி தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க விடியற்காலையிலும் கிளம்பும் வீடுகளே அதிகம். வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பிடும் நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். வெற்று அட்டைதான் இங்கே கைகொடுத்தது. பிள்ளைகள் தூங்கிய பிறகு வேலைக்குக் கிளம்பும் என் கணவர், போவதற்குமுன் இரண்டு வரி எழுதிப் பள்ளிப் பைக்குள் வைத்துவிட்டுப் போகிறார். முகத்துக்கு நேரே பாராட்டக் கூச்சப்படும் ஆண்களுக்கு எழுத்து எவ்வளவு வசதி என்பதையும் இந்தப் பெட்டி வந்த பிறகுதான் பார்த்தேன்.

நட்சத்திர அட்டவணையைப் பற்றி இதே மனநிலையோடு எழுத முடியவில்லை. ஒரு நற்செயலுக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பெற்றோர் ஒரு பரிசு தரவேண்டும் என்பது அதன் விதி. முதல் வாரம் வீடு பளிச்சென்று இருந்தது என்பதை மறுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மகள் தட்டைக் கழுவிவிட்டு நேராக அட்டவணையின் முன்னால் போய் நின்றுகொண்டு, “அம்மா, ஸ்டார் இன்னும் ஒட்டல” என்று அறிவிக்கத் தொடங்கினாள். பாட்டிக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கச் சொன்னால், “அதுக்கு எத்தன ஸ்டார்?” என்று கேட்டாள். அண்ணனோ தங்கை செய்யத் தொடங்கிய வேலையைப் பிடுங்கித் தானே முடித்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளப் பார்த்தான். தயவு வளர்வதற்கென்று மாட்டிய அட்டவணையின் அடியிலேயே அண்ணனும் தங்கையும் சண்டையிட்டார்கள்.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 1973இல் அமெரிக்காவில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் பாலர் பள்ளியில் படம் வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகளை வைத்துச் செய்து வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. வரைந்தால் நட்சத்திரம் பொறித்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு விருப்பப்படி விளையாட விட்டபோது மற்றப் பிள்ளைகள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். அதே சான்றிதழை எதிர்பாராமல் பெற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. நட்சத்திரம் தானே கெடுதல் செய்வதில்லை. முன்கூட்டியே பேசி வைத்த விலையாக அது மாறும்போதுதான் கெடுக்கிறது. மேலும், மத்தேயு 6ஆம் அதிகாரத்தில் வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று சொன்ன ஆண்டவரின் பெயரில் தயாரான ஒரு பெட்டியில், வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி முன்கூடத்துச் சுவரில் மாட்டச் சொல்லி ஓர் அட்டவணையை வைத்திருப்பது எனக்குப் பொருந்தாததாகவே படுகிறது. எங்கள் வீட்டில் அதைக் கழற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டோம். இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது, பிறகு மறந்துவிட்டார்கள்.

அச்சிட்ட 54 அட்டைகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பொறுமையாகக் காத்திருந்தாய், உண்மையைச் சொன்னாய் என்று செயலைச் சுட்டும் அட்டைகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் நற்குணம் என்ற நிறத்துக்குள் ‘நீ கெட்டிக்காரப் பிள்ளை’ என்றும், ‘நீ புத்திசாலி’ என்றும் இரண்டு அட்டைகள் எப்படியோ நுழைந்திருக்கின்றன. மூளைக்கும் குணத்துக்கும் என்ன தொடர்பு என்று பெட்டியைத் தயாரித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 2021இல் யு.பி.எஸ்.ஆர். என்ற ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வு நீக்கப்படும்வரை எங்களைப் போன்ற தோட்டத்து ஊர்களில் பிள்ளைக்குக் கிடைத்த பாராட்டெல்லாம் எத்தனை ‘ஏ’ என்பதைச் சுற்றித்தான் இருந்தது. அந்தப் பழக்கம் தேர்வோடு போய்விடவில்லை போலும். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வைக் கிறிஸ்தவப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. வடிவங்களைப் பொருத்தும் புதிர்ப் பயிற்சிகளைச் செய்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த முறை எளிதானதையே தேர்ந்தெடுத்தார்கள். கடினமான பயிற்சியில் தோற்ற பிறகு அவர்களுடைய திறனும் சரிந்தது. முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கூட்டி எழுதினார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களிடம் இது மிகவும் குறைவாக இருந்தது. மூளையைப் புகழ்ந்தால் பிள்ளை பொய் சொல்லவும் துணியும் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கும்போது, உண்மை பேசும் குணத்தை வளர்க்க வந்த பெட்டியில் இந்த இரண்டு அட்டைகளுக்கு இடம் இருந்திருக்கக்கூடாது. வாங்குகிறவர்கள் முதலில் அவற்றைத் தனியே எடுத்துவிடலாம்.

இதற்காக, ஆளைப் பற்றிச் சொல்லவே கூடாது, செயலை மட்டுமே சொல்ல வேண்டும் என்று வாதிடுவதும் மிகைதான். கனடாவில் ஜோன் குருசெக்கும் எரிக்கா ரெட்லரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், தனக்குக் கிடைத்ததை ஏழைப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்ட எட்டு வயதுப் பிள்ளையிடம் ‘நீ பிறருக்கு உதவ விரும்பும் பிள்ளை’ என்று சொன்னபோது, பிறகு வேறு சூழ்நிலைகளிலும் அந்தப் பிள்ளை அதிகமாக உதவியது. பகிர்ந்தது நல்ல செயல் என்று மட்டும் கேட்ட பிள்ளையிடம் அந்த அளவு தொடர்ச்சி இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. வெற்று அட்டையின் மூன்றாவது கோடு இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் செயல், பிறகு பலன், கடைசியில்தான் குணத்தின் பெயர் என்ற வரிசையில், அந்தப் பெயருக்குச் சாட்சியும் அதே அட்டையில் இருக்கிறது. ஆறு வயது மகளுக்கு எழுதும்போது மூன்றாவது கோட்டை நான் பெரும்பாலும் வெறுமையாகவே விட்டுவிடுகிறேன்.

பாட்டிமார்களைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. என் மாமியார் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (ஆளெடுப்புக்கு) போய் மேற்பார்வையாளரான மண்டோரின் ஏச்சோடு நாளைத் தொடங்கிய பெற்றோருக்குப் பிறந்த அந்தத் தலைமுறைக்கு, ரப்பர் பால் குறைந்தால் திட்டு உண்டு, நிறைந்தால் மௌனம்தான் என்பது பழக்கமான நியாயம். அடியாத மாடு படியாது என்பதையும் அவர்கள் வேத வசனத்துக்கு நிகராகவே சொல்வார்கள். அதோடு, பிள்ளையை நேருக்கு நேர் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்ற அச்சம் ஞானஸ்நானம் எடுத்த பிறகும் நம்மை விட்டுப் போனதில்லை. முதல் அட்டையைப் பார்த்தபோது மாமியார், “பிள்ளைய மொகத்துக்கு நேரா இப்படிப் புகழாதம்மா” என்றார். நான் வாதாடவில்லை. எழுத்து பைக்குள் இருப்பதால் ஊர்க்கண் படாது என்று அவரே ஒரு சமாதானத்துக்கு வந்து, ஒரு நாள் என்னிடம் சொல்லிப் பேத்திக்கு ஓர் அட்டை எழுதவைத்தார். தாத்தா பாட்டியோடு வாழும் குடும்பங்களை மனத்தில் வைத்துக் கையேட்டில் ஒரு பக்கமாவது சேர்த்திருக்கலாம்.

வசனத் தேர்விலும் குறை உண்டு. பிரம்பைப் பற்றிய நீதிமொழி கையேட்டில் இருக்கிறது. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று தகப்பன்மாருக்குச் சொல்லும் கொலோசெயர் 3:21 இல்லை. லூக்கா 3ஆம் அதிகாரமும் இல்லை. இயேசு ஒரு அற்புதமும் செய்யுமுன்னே, ஊழியத்தைத் தொடங்குமுன்னே, ஞானஸ்நானத்தின்போதே ‘உம்மில் பிரியமாயிருக்கிறேன்’ என்ற பிதாவின் சத்தம் கேட்டது. அட்டை கிடைக்காத நாளிலும் பிள்ளை நேசிக்கப்பட்ட பிள்ளைதான் என்பதை விளங்கவைக்க இதைவிட வேறு பகுதி தேவையில்லை. பாராட்டையும் அன்பையும் கலக்காமல் இருப்பது எப்படி என்ற கேள்வியைக் கையேடு தொடவே இல்லை.

பொருளின் தரம் சுமார்தான். இந்த ஈரக் காற்றில் அச்சிட்ட அட்டைகளின் ஓரம் சீக்கிரமே வளைந்துவிட்டது. பளபளப்பான பூச்சு இருப்பதால் வெற்று அட்டையில் ஜெல் பேனா மை அழிந்து கையில் ஒட்டுகிறது. சாதாரணப் பந்துமுனைப் பேனாதான் நிற்கிறது. பெட்டியின் மூடி உறுதியானது. கடையில் கேட்டால் உறையைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்டுகிறார்கள். வாங்குமுன் கட்டாயம் பாருங்கள்.

வெற்று அட்டைகள் தீர்ந்தால் தனியாகக் கிடைக்காது என்பதுதான் பெரிய வருத்தம். தேவையில்லாத அட்டவணைக்கும் ஸ்டிக்கருக்கும் சேர்த்தல்லவா 45 வெள்ளி கொடுக்கிறோம்? தயாரிப்பாளர்கள் வெற்று அட்டைகளையும் கையேட்டையும் மட்டும் 15 வெள்ளிக்கு விற்றால், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் வகுப்புக்கு ஒரு கட்டு வாங்கிக்கொள்வார்கள். அதுவரை, ஒரு தடித்த தாளில் மூன்று கோடு போட்டு எழுதிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஏழு முதல் பதினொரு வயது வரையிலான பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இந்தப் பெட்டி பயன்படும். இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கினால், நிறம் நிறமான அட்டைகளைப் பார்த்ததுமே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான்.