பிஸ்கட் தகரத்துக் கசெட்டுகளுக்கு யூ.எஸ்.பி. பிளேயர் போதுமா?

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, தம்பலகாமம் பக்கத்தில் பல வீடுகளின் அலுமாரி அடித்தட்டில், பழைய பிஸ்கட் தகரமொன்றுக்குள் இன்னும் கசெட்டுகள் கிடக்கின்றன. சவூதிக்கும் குவைத்துக்கும் வேலைக்குப் போன உம்மாவுக்கு, அப்பாவுக்கு, உம்மம்மா வீட்டிலோ அம்மம்மா வீட்டிலோ விடப்பட்ட பிள்ளைகள் பேசி அனுப்பியவை; அங்கிருந்து பதிலாக வந்தவை. எழுதத் தெரியாத தம்பியும் பேசலாம் என்பதால் 80களிலும் 90களிலும் கடிதத்தின் வேலையைக் கசெட் பார்த்தது. அவற்றைக் கம்பியூட்டருக்கு மாற்றப் பலரும் வாங்குவது, வோக்மன் அளவில் பெயரில்லாமல் வரும் சீன யூ.எஸ்.பி. கசெட் பிளேயர். குரல் மட்டும் உள்ள கசெட்டுக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. ஆனால் பெட்டியைப் பிரித்த கையோடு கசெட்டைப் போட்டால் குரலுக்கும் போதாமல் போய்விடும்.

முதலில் கசெட்டைப் பாருங்கள். நமது கடற்காற்று இரண்டு இடத்தில் வேலையைக் காட்டும். ரேப்பை, ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னத் தகட்டில் துரு ஏறும். அந்தத் தகட்டில் ஒட்டியிருக்கும் பஞ்சுத்துண்டு பசை காய்ந்து விழுந்துவிடும். பஞ்சு இல்லாவிட்டால் ஒலி தூரத்தில் முணுமுணுப்பதுபோல் கேட்கும். பிளேயர் பழுது என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். வேண்டாத பாட்டுக் கசெட்டொன்றைத் திறந்து அதிலிருக்கும் தகட்டை அப்படியே எடுத்து மாற்றலாம்.

இரண்டாவது, பூஞ்சணம். கசெட்டின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரேப் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரியும். அப்படியானதை எந்த பிளேயரிலும் போடக்கூடாது. ஒரு கசெட்டின் பொடி ஹெட்டில் ஒட்டி அடுத்த பத்துக்கும் போகும். முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, உலர்ந்த மென்துணிக்குள் ரேப்பை மெல்லப் பிடித்தபடி முழுவதையும் ஒரு முறை கையால் சுற்றியெடுக்க வேண்டும். தண்ணீரோ ஈரத்துணியோ கிட்ட வரக்கூடாது. மாரி காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் காற்று உலர்ந்திருக்கும், அதுதான் நேரம்.

ஐந்து சின்ன ஸ்குறூ போட்ட கசெட் என்றால் திறப்பது எளிது. ஸ்குறூ இல்லாமல் ஒட்டி வந்ததைக் கத்தி முனையால் விளிம்பில் நெம்பிப் பிளந்து, ரேப்பை இரண்டு சில்லுகளோடும் தூக்கி ஸ்குறூ உள்ள வேறொரு கூட்டில் வைக்கலாம். வைக்கும்போது ரேப் போகும் வழியை முதலில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அறுந்த இடத்தைச் சாதாரண செலோரேப்பால் ஒட்டுவதுதான் வழக்கமான பிழை. அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றையும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே விற்கும் ஒட்டுரேப் வேண்டும். அதுவும் ரேப்பின் பின்பக்கத்தில், ஹெட்டில் படாத பக்கத்தில்.

பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்ரிக் பற்களும் உடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். உடைக்காமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். இந்த பிளேயரில் பதிவுச் சுவிட்ச் கிடையாது என்றாலும், நாளைக்கு அதே கசெட்டை வேறு ரெக்கோடரில் போட்டு விரல் தவறினால் போனது போனதுதான். பிறகு ஆறுபட்டைப் பென்சிலைச் சில்லுக்குள் விட்டு, தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரு முறை சுற்றி, மறுபடி திரும்பச் சுற்றுங்கள். முப்பது வருடம் ஒரே நிலையில் கிடந்த சுற்றுகள் ஒட்டியிருக்கும்; அதைக் கையால் இளக்காமல் பிளேயரின் மெல்லிய பெல்ட்டிடம் விட்டால் பெல்ட் வழுக்கும், ரேப் உள்ளே சிக்கும்.

இனி பிளேயர். எல்லாம் பிளாஸ்ரிக், மூடியின் கொக்கிதான் முதலில் உடையும் என்று கையில் எடுத்தவுடனேயே தெரியும். இரண்டு சின்ன பற்றறியிலும் ஓடும், யூ.எஸ்.பி. வயரிலும் ஓடும். லப்டொப்பில் செருகினால் அது ஒரு மைக் போலத் தெரியும். கூடவே வரும் சின்னக் குறுந்தகட்டை ஒதுக்கி வையுங்கள்; அதிலிருக்கும் ஓடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் பழையது, புதியது இணையத்தில் இலவசம். 44,100 ஹேர்ட்ஸ், 16 பிட், இரண்டு சனல் என்று வைத்துப் பதியுங்கள். ஒலியளவுச் சில்லைத் திருப்பினால் கம்பியூட்டருக்குப் போகும் அளவும் கூடிக் குறையும். ஆகவே கசெட்டில் மிகச் சத்தமான இடத்தைத் தேடி, அங்கே திரையில் அளவு காட்டும் பட்டை மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி வைத்து, பிறகு சில்லைத் தொடாதீர்கள். சத்தமான இடம் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை: எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக ‘கெதியா வாங்க’ என்று கத்தும் இடம்.

பதியும்போது லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். சார்ஜர் வழியாக வரும் இரைச்சல் பதிவில் கலக்கும். இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கீழே வருகிறது.

இந்த பிளேயரின் பெரிய குறை ஹெட்டின் சாய்வு. கசெட்டைப் பதிந்த ரெக்கோடரின் ஹெட்டும் இதன் ஹெட்டும் ஒரே நேரில் நிற்காவிட்டால் ச, ஸ, ஷ எல்லாம் மழுங்கிவிடும். மழலைப் பேச்சில் பாதி விளங்காது. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன ஸ்குறூ இருக்கும். கசெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் சுற்றுக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்துங்கள். கசெட்டுக்குக் கசெட் இது மாறும். தானாகப் பக்கம் மாறும் மாதிரியில் ஒரு திசைக்குச் சரிசெய்தால் மறு திசைக்குப் பிழைக்கும். அதில் கசெட்டைக் கையால் புரட்டிப் போடுவதே நல்லது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த காதுப்பஞ்சால் ஹெட்டைத் துடையுங்கள். பஞ்சு காப்பி நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம், பழைய ரேப் உதிர்வது அப்படித்தான்.

அடுத்தது வேகம். மலிவான பிளேயர் கொஞ்சம் வேகமாக ஓடும். அதைவிட, பற்றறி தேய்ந்த ரெக்கோடர் மெதுவாகச் சுற்றும்போது பதிந்த குரல் இப்போது கீச்சென்று கேட்கும். ஏழு வயதுப் பிள்ளை மூன்று வயதாகிவிடும். கரண்டில் ஓடிய ரெக்கோடரில் பதிந்ததென்றால் திருத்த ஒரு வழி உண்டு. பேச்சுக்குப் பின்னால் மெல்லிய ‘ம்ம்ம்’ என்று மின்சார இரைச்சல் ஒட்டியிருக்கும். இலங்கை மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பேச்சில்லாத துண்டொன்றைத் தேர்ந்து ஓடாசிட்டியில் அலைவரிசை வரைபடம் போட்டால் அந்த இரைச்சல் ஒரு முகடாகத் தெரியும்; வேகம் சரியென்றால் அது 50இல் நிற்கும். அது 53இல் நின்றால் வேகத்தை 0.943 மடங்காகக் குறைக்க வேண்டும், 50ஐ 53ஆல் வகுத்தது. பிளேயரின் பிழையும் பழைய ரெக்கோடரின் பிழையும் ஒரே அடியில் போய்விடும். சார்ஜரைக் கழற்றச் சொன்னது இதற்கும்தான். அதன் 50 உள்ளே நுழைந்தால் கணக்கே குழம்பும்.

சவூதியில் பேசி அனுப்பியது என்றால் 60க்குக் கணக்குப் பாருங்கள், அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். குவைத்திலும் கட்டாரிலும் நம்மைப்போல் 50. லேபல் உரிந்த கசெட்டில் எந்தப் பக்கம் எங்கிருந்து பேசியது என்று பிரித்தறியவும் இந்த இரைச்சல் உதவும். பற்றறியில் பதிந்ததற்கு இந்த வழி இல்லை, காதால்தான் திருத்த வேண்டும். பதிவு போகப் போகப் பற்றறி இன்னும் இறங்கியிருக்கும், ஆகவே துண்டு துண்டாகத் திருத்துங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, இரைச்சல் நீக்கும் வசதியைத் தொடாதீர்கள் என்றால் முரணாகத் தெரியும். அந்தக் காலத்து ரெக்கோடர்களில் பலவற்றில் மைக்கின் அளவைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பு இருந்தது. பிள்ளை பேசினால் அளவு இறங்கும். பேச்சு நின்றால் இரண்டு மூன்று விநாடியில் அளவு ஏறி, சுற்றியிருப்பது எல்லாம் மேலே வரும். வெட்கத்தில் தம்பி வாய் திறக்காத இடத்தில் ‘சலாம் சொல்லு, சொல்லுடா’ என்று ராத்தா காதுக்குள் சொல்வது, கோழி, பாங்கு, கிணற்றுக் கப்பி, அடுப்படியில் உம்மம்மா இருமுவது. மென்பொருளுக்கு இதெல்லாம் இரைச்சல். தெளிவான பிரதி வேண்டுமென்றால் தனியாக ஒன்று செய்யுங்கள், மூலப்பதிவை அப்படியே விடுங்கள்.

பேச்சு முடிந்துவிட்டது என்று பதிவை நிறுத்துவதும் கூடாது. ஒரே கசெட் மூன்று நான்கு முறை கடல் தாண்டிப் போய்வந்த வீடுகள் உண்டு. பதில், பழைய பேச்சின் மேலேயே பதியப்பட்டது. ரெக்கோடர் தான் பதிந்த நீளத்துக்கு மட்டுமே பழையதை அழிக்கும். பிள்ளைகள் இருபத்திரண்டு நிமிடம் பேசியிருந்தால், 60 நிமிடக் கசெட்டின் அந்தப் பக்கத்தில் மீதி எட்டு நிமிடத்தில் முந்திய கடிதத்தின் வால் கிடக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம், உடனே நடு வசனத்திலிருந்து உம்மாவின் குரல். ரேப் தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள்.

சேமிப்பு, ஒலித்தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக இருக்கட்டும். முப்பது நிமிடப் பக்கம் இரண்டு சனல் வேவில் ஏறக்குறைய 318 மெகாபைட் வரும். வட்ஸ்அப்பில் அனுப்ப ஒரு சனல் எம்பி3, 64 கிலோபிட் போதும், 14 மெகாபைட்டளவில் அடங்கும்.

பத்துக் கசெட்டுக்கு மேல் இருந்து, பொறுமையும் இருந்தால் வாங்கலாம். இரண்டோ மூன்றோ மட்டும் என்றால், அல்லது அவற்றில் ஒன்று இப்போது இல்லாத ஒருவரின் குரல் என்றால், சொந்தக்காரரிடம் கிடக்கும் பெரிய கசெட் டெக்கைச் சர்வீஸ் செய்து அதிலிருந்து வயர் போட்டு எடுப்பதுதான் சரி. இந்த பிளேயரில் வேகம் சீராக இல்லாமல் ஒலி நடுங்குவது அதில் இருக்காது. வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் நாள் கடப்பதற்கு முன் பாட்டுக் கசெட்டொன்றைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 51 விநாடியில் முடிந்தால் வேகம் 3 வீதம் கூட. அதற்கு மேலென்றால் திருப்பிவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது லேபலில் உள்ளதைப் பிழையோடு அப்படியே எழுதுங்கள். யார் எந்த நிமிடத்தில் பேசுகிறார் என்பதை மூத்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறியுங்கள். ஐந்து வயதுக் குரல்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், பேசியவர்களுக்கே தங்கள் குரல் பிடிபடாது. ‘4:10 தங்கச்சி பாட்டு, 6:30 மைக்குக்குச் சண்டை, 7:05 யாரோ அழுகை’ என்ற அளவு போதும்.