பெல் ஹவுசிங்கில் ஆயில் சொட்டினால் உடனே கியர்பாக்ஸை இறக்காதீர்கள்

சொந்தமாக ஷாசி வெல்டு செய்து கார் கட்டும் நண்பர் ஒருவர், "உங்க வண்டியில இருக்கிற எஞ்சினையே நானும் போடட்டுமா?" என்று கேட்கிறார். மாருதி ஜிப்சி கிங்கில் வந்த சுசுகி ஜி13பிஏ எஞ்சின் அது: 1298 சிசி, எட்டு வால்வு, கார்பரேட்டர், நீளவாக்கில் உட்காரும் அலுமினிய பிளாக். பெங்களூரு சிவாஜிநகர் பழைய பார்ட்ஸ் கடைகளில் இவ்வளவு சொன்னாலே எடுத்துக் காட்டிவிடுவார்கள். எடை குறைவு, இழுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஓயாத ஆயில் சொட்டு.

அந்த இடத்தில் ஈரத்தைப் பார்த்தவுடன், "பின் கிராங்க் சீல் போச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்" என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. பெரும்பாலும் தவறு. இதில் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பின்முனையில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளைய சீல்) சூட்டில் காய்ந்து இறுகிவிட்டால், ஆயில் ஹெட்டின் பின்பக்கமாக வழிந்து பெல் ஹவுசிங் மேல் இறங்கி அடியில் வந்து சொட்டும். ஹெட்டின் மேல்மூடியான டேப்பெட் கவர் பேக்கிங்கின் பின்மூலை ஒழுகினாலும் இதே பாதைதான்.

முதலில் டீகிரீசரால் கழுவிக் காயவையுங்கள். சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவி, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஐடிலில் ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளிதான் மூலம். ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் எஸ்.பி. ரோட்டில் வாங்கும் யுவி டார்ச்சும் மெதுவான கசிவுக்கு நல்லதுதான். ஆனால் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டுப் பார்த்தால் காற்று அடித்து எல்லாமே ஒளிரும், காசு தண்டம். பின் சீல்தானா என்று உறுதி செய்ய ஃப்ளைவீலின் கீழ்த்தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே காய்ந்திருந்தால் சீல் நிரபராதி. ஈரத்தில் கந்தக நாற்றம் அடித்தால் அது கியர் ஆயில், கியர்பாக்ஸின் முன் சீலைப் பாருங்கள்.

இனி வருவதெல்லாம் கம்பெனி வண்டியில் வராத, நாமே வரவழைக்கும் லீக்குகள். ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுகிறோம் இல்லையா, அந்த ஜப்பானிய பிளாக்கில் மரை 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் கூம்பு பைப் மரை), அங்குலத்துக்கு 28 மரை. ஜே.சி. ரோட்டில் கையில் கிடைக்கும் சென்டர் (பிரஷரை உணர்ந்து கேஜுக்கு அனுப்பும் சென்சார்) பல நேரம் 1/8 என்பிடி (அமெரிக்கக் கூம்பு பைப் மரை), அங்குலத்துக்கு 27, கோணமும் வேறு. முதல் சில சுற்று அழகாக ஏறி, இறுகியது போலவே தோன்றும். பிரஷர் ஏறினால்தான் ஒழுகும். டெஃப்லான் டேப் சுற்றி மேலும் முறுக்கினால் அலுமினிய மரை கிழியும், டேப் துணுக்கு ஆயில் பாதைக்குள்ளும் போகும். சரியான அடாப்டர் போட்டு, குட்டையான பிரெய்டட் ஹோஸ் வழியாக சென்டரை ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) பொருத்துங்கள். எர்த் ஒயர் தனியாக வேண்டும்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணத்துக்காக எஞ்சினைச் சாய்த்து மாட்டினால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். 'குறைவாக இருக்கிறது' என்று ஊற்றிக்கொண்டே போனால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, எஞ்சினுள் சேரும் வாயு வெளியேறும் ப்ரீதர் குழாய் வழியே துப்பும். முழுக்க வடித்து, ஃபில்டர் மாற்றி, மேனுவல் சொல்லும் அளவை அளந்து ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தி, ஆயில் இறங்கியபின் டிப்ஸ்டிக்கில் புதுக்கோடு கீறுங்கள்.

எலக்ட்ரிக் பம்புக்கு மாறியவர்கள் பழைய பெட்ரோல் பம்பு இருந்த துளையை மூடிய தகட்டையும் பார்க்கவும். அப்புறம் ப்ரீதர்: ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து மெல்லிய பாலிதீன் தாளை வைத்தால் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். மேலே தள்ளினால் பிசிவி (அந்த வாயுவை இன்டேக்குக்கு விடும் வால்வு) அடைப்பு, ஹோஸ் மடிப்பு அல்லது ரிங் தேய்மானம். அதைச் சரிசெய்யாமல் எந்த சீலை மாற்றினாலும் அடுத்த சீல் ஒழுகும்.

ஆக, எஞ்சின்மேல் பெரிதாகப் பழி போட முடியாது. இருந்தும் என் பதில்: வாங்காதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத பிந்தைய எஞ்சின் எதையாவது தேடுங்கள். இதுதான் வேண்டும் என்றால், எஞ்சின் ஸ்டாண்டில் இருக்கும்போதே அந்த ஓ-ரிங்கையும் பின் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஷாசியில் ஏற்றியபின் ஃபயர்வாலுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவில் கை நுழையாது.