அடைக்கோழியா, இன்குபேட்டரா, ஒரு நாள் குஞ்சா? அறுபதாம் நாளில் எண்ணிப் பாருங்கள்

நாட்டுக்கோழி வளர்க்கத் தொடங்கிய எவருக்கும் சில மாதங்களிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும். கூடையில் முட்டை சேர்ந்துவிட்டது, ஒரு கோழி அடைக்குப் படுத்து எழ மறுக்கிறது. அதே நேரம் தெரிந்தவர் ஒருவர் இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் மெஷின், வாங்கியிருக்கிறார், இன்னொருவர் பண்ணையிலிருந்து பொரித்து ஒரே நாளான 'ஒரு நாள் குஞ்சு' இறக்கியிருக்கிறார். எந்த வழி நல்லது?

பொதுவாக இந்த ஒப்பீட்டைப் பொரிப்போடு முடித்துவிடுகிறார்கள். வைத்த முட்டையில் எத்தனை பொரிந்தது என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நான் அறுபதாம் நாளில் எண்ணச் சொல்வேன். இரண்டு மாதம் தாண்டி, இறக்கை முளைத்து, தானாக மேய்ந்து நிற்கும் குஞ்சுதான் கணக்கில் சேரும். அப்படி எண்ணினால் மூன்று வழிகளின் வரிசையே மாறிவிடுகிறது.

முதலில் முட்டை. கோழி ஆனாலும் மெஷின் ஆனாலும் கெட்ட முட்டையை யாராலும் பொரிக்க முடியாது. அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் நான்கைந்து நாளே அதிகம். அறை வெப்பம் இருபத்தைந்து டிகிரியைத் தாண்டும்போது கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு செத்துப்போகிறது. அடைக்கு வைத்த பிறகு கூமுட்டை என்று நாம் ஒதுக்குவதில் ஒரு பங்கு, வைப்பதற்கு முன்பே வெயிலில் கெட்டதுதான். மண்பானையை ஈர மணலில் பதித்து, உள்ளே கூர்முனை கீழே பார்க்க முட்டைகளை அடுக்கி, மேலே ஈரத்துணி போட்டு நிழலில் வைக்கும் பழைய முறை இதற்கு நன்றாகவே உதவும். முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமியை வெளியே நிறுத்துகிறது.

சரி, அடைக்கோழி. சிறுவிடைக் கோழி, அதாவது சின்ன உடல் நாட்டுக்கோழி, பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் அடைக்குப் படுக்கும். உடல் சூடு, முட்டையைத் திருப்புவது, ஈரப்பதம் எல்லாம் அதன் பொறுப்பு. நாளுக்கு ஒருமுறை இறங்கி, கால் மணி இருபது நிமிடத்தில் தின்று, குடித்து, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை விட்டுவிடக் கூடாது.

கூடையில் மணலோ உமியோ பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, இருட்டான, மற்ற கோழிகள் வராத மூலையில் வைக்க வேண்டும். மற்ற கோழிகள் வந்தால் அதே கூடையில் முட்டை இட்டுவிட்டுப் போகும். அப்புறம் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு வயது. கோழியோ முதல் குஞ்சுகள் இறங்கி ஒன்றிரண்டு நாளில் மிச்ச முட்டையை விட்டுவிட்டு எழுந்துவிடும். அதனால் எல்லா முட்டையையும் ஒரே இரவில் வைத்து, கரியால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு இல்லாத முட்டை தெரிந்தால் எடுத்துவிடலாம். முதல்முறை படுக்கும் வெடைக்கோழியை உடனே நம்பாமல், இரண்டு மூன்று இரவு சும்மா முட்டையில், அதாவது பொரிப்புக்கு வைக்காத முட்டையில், உட்கார வைத்துப் பாருங்கள். பெருவிடை என்னும் பெரிய உடல் நாட்டுக்கோழி வைத்திருப்பவர்கள் அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வைப்பது நல்லது. பெருவிடைத் தாயின் கனத்தில் ஓடு நொறுங்குவதுண்டு.

அடைக்கோழியை எழுப்பிவிடும் பெரிய எதிரி செள்ளுப் பூச்சி. மூன்று வாரம் அசையாமல் படுத்திருக்கும் உடலில் அது பெருகிவிடும். அரிப்பு தாங்காமல் பதினைந்தாம் நாளில் எழுந்து போன கோழியைப் பார்த்து 'நல்ல தாய் இல்லை' என்று சொல்வது அநியாயம். அடை வைக்கும் முன்பே கூடையை வெயிலில் காயவைத்து, அடியில் வேப்பிலையும் சாம்பலும் போட்டு, கோழி மண்குளியல் போட ஓர் இடம் விடுங்கள்.

இப்படிப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு முட்டைக்கு ஒன்பது பத்துக் குஞ்சு இறங்குவது ஒன்றும் அதிசயமில்லை. கரண்ட் செலவும் கிடையாது.

இன்குபேட்டரின் பலம் எண்ணிக்கை. ஐம்பது முட்டையை ஒரே நாளில் வைத்து, ஒரே நாளில் எடுக்கலாம். எந்தக் கோழி எப்போது படுக்கும் என்று காத்திருக்க வேண்டாம். காற்றாடி உள்ள மெஷினில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் முதல் பதினெட்டு நாள் 50 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 65க்கு மேல். பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்புவதை நிறுத்திவிட வேண்டும். எண்களாகப் பார்த்தால் எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மெஷினில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. விலை மலிந்த சென்சார் அரை டிகிரி, ஒரு டிகிரி தவறிக் காட்டுவது சாதாரணம். அந்த ஒரு டிகிரி கூடுதலாக ஓடினால் குஞ்சு சீக்கிரம், தொப்புள் மூடாமல், தளர்ந்து வரும். குறைவாக ஓடினால் இருபத்துமூன்று நாள் வரை இழுக்கும். தனியாக ஒரு நல்ல தெர்மாமீட்டரை முட்டை மட்டத்தில் வைத்து, முட்டை வைக்கும் முன்பே ஒரு நாள் முழுக்க மெஷினை ஓட்டிச் சரிபார்ப்பது கட்டாயம்.

கரண்ட் போனால் எல்லாம் போச்சு என்று பலரும் பயப்படுகிறார்கள். ஓரிரு மணி நேரம் குளிர்வதை முட்டை தாங்கும். மூடியைத் திறக்காமல் மேலே போர்வையைப் போட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கலாம். பயப்பட வேண்டியது எதிர்ப்பக்கம், அதாவது அதிக வெப்பத்துக்கு. இந்த மெஷின்களுக்குச் சூடாக்கத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. தகரக் கொட்டகைக்குள் வெளி வெப்பமே நாற்பதைத் தொடும்போது ஹீட்டர் அணைந்திருந்தாலும் உள்ளே சூடு ஏறும். கரு சில மணி நேரத்தில் வெந்துவிடும். கத்திரி வெயிலில் வீட்டின் குளிர்ந்த அறை ஒன்றை ஒதுக்க முடியாதவர்கள் அந்த மாதம் மெஷினை மூடிவைப்பதே மேல். அந்த வெயிலில் அடைக்கோழியும் வாயைப் பிளந்துகொண்டு தவிக்கிறது. அதையும் படுக்க வைக்காமல் விடுவதுதான் இரக்கம்.

ஏழாம் நாள் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பார்த்தால் சிவப்பு நரம்பு ஓடியிருப்பது தெரியும். ஒன்றும் ஓடாதது கரு கூடாத முட்டை. இதை இரண்டு முறைக்குமே செய்யலாம். மெஷினில் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் அழுகி வெடிக்கும் ஒரு முட்டை தட்டு முழுவதையும் கெடுத்துவிடும்.

ஒரு நாள் குஞ்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை வைத்துக் குஞ்சு இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்கும், அதனால்தான் பெட்டியில் போட்டு ஊர் ஊராக அனுப்ப முடிகிறது. முட்டைக்காக வளர்ப்பவர்களுக்கு ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககத்தின் வனராஜா, கிராமப்பிரியா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி போன்றவை நல்ல தேர்வு. நாட்டுக்கோழியைவிட முட்டை நிறைய இடும். நிறைய இடுவதற்காகத் தேர்ந்தெடுத்த கோழிகளிடம் அடைகாக்கும் குணம் குறைந்துபோகும், அடுத்த தலைமுறைக்கு மறுபடி குஞ்சு வாங்கத்தான் வேண்டும். உங்கள் வீட்டில் தலைமுறையாக வரும் கோழியின் வழியைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வழி அதற்கு எந்த வகையிலும் உதவாது.

இருபத்தொன்றாம் நாளுக்குப் பிறகுதான் உண்மையான போட்டி.

மெஷின் குஞ்சுக்கும் வாங்கிய குஞ்சுக்கும் நாம்தான் தாய். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும். பல்பின் அடியில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது, ஓரமாக விலகி மூச்சிரைத்தால் சூடு அதிகம், பரவலாகப் படுத்திருந்தால் சரி. கரண்ட் போனால் முட்டையைவிடக் குஞ்சுதான் வேகமாகச் சாகும். மூலையில் குவிந்து நசுங்கியே போய்விடும். தடுப்பை வட்டமாக அமைக்கச் சொல்வது இதனால்தான். கரண்ட் போன இரவில் எழுந்து பார்க்க வீட்டில் ஆள் வேண்டும்.

தாய்க்கோழிக்கு இந்தப் பாடம் எதுவும் வேண்டாம். குளிர்கிற குஞ்சு தானே சிறகுக்குள் நுழைகிறது, சூடான குஞ்சு தானே வெளியே வருகிறது. எதைக் கொத்துவது, எப்படிச் சீய்ப்பது, தாய் ஒரு குரல் கொடுத்தால் எங்கே ஓடி ஒளிவது என்று எல்லாம் கற்றுக்கொடுக்கிறது. பல்பின் அடியில் வளர்ந்த குஞ்சை முதல்முறை வெளியே விட்டால் அது பருந்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். மேய்ச்சலில் விட்டு வளர்ப்பதாக இருந்தால் இந்த ஒரு வித்தியாசமே என்னைத் தாய்க்கோழியின் பக்கம் நிறுத்திவிடுகிறது.

ஆனால் தாயை அப்படியே அவிழ்த்துவிட்டாலும் நட்டம்தான். பத்துக் குஞ்சோடு இறங்கிய கோழி ஒரு மாதத்தில் மூன்றோடு நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். காகம், பருந்து, கீரி, பூனை, ஐப்பசி மழை, தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றும் ஒன்றிரண்டை எடுத்துக்கொள்கிறது. முதல் மூன்று வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்துக்கு (கவிழ்த்து மூடும் கூடைக்கு) அடியில் வைத்து, நொய்யும் கம்பும் குஞ்சுத் தீவனமும் கொடுத்தால் இந்த இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். பானையில் காய்ந்த சாணமும் பழைய சாக்கும் போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் இரவு கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுக்கு நல்ல புரதம் தயார்.

மெஷின் தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு, தடுப்பு மருந்து. வெள்ளைக் கழிச்சல், அதாவது ராணிக்கெட் என்னும் கோழிக்கழிச்சல் நோய், வந்தால் தாய் வளர்த்ததா பல்பு வளர்த்ததா என்று பார்க்காது. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா மருந்து விட வேண்டும். ஆனால் குப்பி நூறு குஞ்சுக்கோ அதற்கு மேலோ வரும். கலக்கினால் ஓரிரு மணி நேரத்துக்குள், பனிக்கட்டியில் வைத்தபடியே போட்டு முடிக்க வேண்டும். ஐம்பது குஞ்சு ஒரே வயதில் இருந்தால் வேலை சுலபம். வாரத்துக்கொரு கோழி எட்டுக் குஞ்சு இறக்கும் வீட்டில் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். தெருவில் நாலு வீடு பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைத்தால் ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்ளலாம். எட்டு வாரம் தாண்டிய கோழிகளுக்கு பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் விடாதீர்கள்.

செலவுக் கணக்கில் பலர் மறந்துவிடும் ஒன்று, கோழி இடாமல் போன முட்டைகள். அடைக்கு மூன்று வாரம், குஞ்சோடு இரண்டு மூன்று மாதம், அதுவரை தாய் முட்டை இடாது. முட்டையை எடுத்து, அடையைத் தெளியவைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி இடத் தொடங்கும். முட்டை விற்றுப் பிழைக்கும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். அதற்காகக் கோழியின் மூக்கில் இறகைக் குத்துவது, தண்ணீரில் முக்கித் தொங்கவிடுவது எல்லாம் கொடுமை. அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில், தீனியும் தண்ணீரும் கொடுத்து, வெளிச்சமான இடத்தில் சில நாள் வைத்தாலே தெளிந்துவிடும்.

பத்துக்குள் கோழி வைத்திருப்பவர்கள் இன்குபேட்டருக்குக் காசு போட வேண்டாம் என்பதே என் முடிவு. நல்ல அடைக்கோழி இரண்டு போதும். முப்பது நாற்பது கோழி, மாதாமாதம் குஞ்சு விற்பனை என்றால் மெஷின் இல்லாமல் நடக்காது. இடைப்பட்டவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வதைத்தான் நான் சொல்வேன். மெஷினில் முட்டை வைக்கும் அதே வாரம் படுத்த கோழியைச் சும்மா முட்டைகளில் உட்கார வையுங்கள். மெஷினில் குஞ்சு இறங்கி, உடல் காய்ந்த அன்று இரவு, நல்ல இருட்டில், முட்டையை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக் குஞ்சை ஒவ்வொன்றாக அடியில் நுழைக்க வேண்டும். வெப்பமான மாதங்களில் ஒரு தாய் பதினைந்து குஞ்சு வரை அணைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள் வயதுக் குஞ்சாக இருக்க வேண்டும். நாலைந்து நாள் பல்பில் பழகிய குஞ்சு தாயின் குரலுக்கு வராது. விடியும் முன்பே பக்கத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். சிறகை விரித்துக் கொக்கென்று தாழ்ந்த குரலில் கூப்பிட்டால் ஏற்றுக்கொண்டது. நிறம் வேறாக இருக்கும் குஞ்சைச் சில கோழிகள் தலையில் கொத்தும். அப்படிக் கொத்துவதைப் பார்த்தால் அந்தக் குஞ்சை மட்டும் உடனே எடுத்து, இன்னும் ஒன்றிரண்டு துணைக் குஞ்சுகளோடு பல்புக்கு மாற்றிவிடுங்கள்.